காற்றை முந்திய படகு

"தள்ளுகிறவனையே முந்திக்கிட்டு ஓடுமா சார்? காத்தை விட வேகமா பாய்மரப் படகு போகும்னு சொன்னா எவன் நம்புவான்?" என்றார் பக்கத்து சீட்டு நண்பர். பந்தயம் ஒரு மசால் தோசை.

நியாயமான சந்தேகம்தான். காற்று நேர் பின்னாலிருந்து 20 கிலோமீட்டரில் அடிக்கிறது. படகும் 20-ஐ எட்டிவிட்டால் பாய்க்குக் காற்றே தெரியாது. துவண்டு தொங்கும்.

ஆனால் கெட்டிக்கார மாலுமி காற்றைப் பக்கவாட்டில் வாங்குவான். வளைந்து நிற்கும் பாய், காற்றைப் பின்பக்கமாகத் திருப்பி விடுகிறது. பதிலுக்குக் காற்று பாயைத் தள்ளுகிறது (நியூட்டன் வாழ்க!). கொஞ்சம் முன்னால், நிறையப் பக்கவாட்டில். பக்கவாட்டுத் தள்ளலை, படகுக்கு அடியில் கத்தி மாதிரி இறங்கியிருக்கும் பலகை தடுத்துவிடும். முன்னால் தள்ளுவது மட்டும் மிச்சம். ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள், மூன்றாவது திசையில் பிய்த்துக்கொண்டு போகும். இங்கே ஒரு விரல் காற்று, இன்னொன்று தண்ணீர்.

இதே வித்தையில் காற்றை எதிர்த்தும் போகலாம். நேர் எதிரே முடியாது. சுமார் 45 டிகிரி ஒதுங்கி, இடமும் வலமுமாக மாறி மாறிப் போகவேண்டும், கடன்காரர் கடையைத் தவிர்த்து வீடு திரும்புகிற மாதிரி.

வேகத்துக்கு வருவோம். காற்றே இல்லாத நாளிலும் ஸ்கூட்டரில் போனால் முகத்தில் அடிக்கிறதல்லவா? படகுக்கும் அப்படி ஒரு சொந்தக் காற்று உண்டு. அசல் காற்றோடு அதுவும் சேர, பாய்க்கு இரட்டை வரும்படி. ஓட ஓடக் காற்று கூடும். ஆனால் அது முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டே வரும், தண்ணீரின் இழுவையும் ஏறும். எங்கேயோ ஓரிடத்தில் வேகம் நின்றுவிடும்.

அந்த இடத்தைத் தள்ளிப் போட பால் லார்சன் என்ற ஆஸ்திரேலியர் பத்து வருஷம் மல்லுக்கட்டினார். 2008-ல் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் அவருடைய படகு எழும்பிக் குட்டிக்கரணம் போட்டது. ஆள் பிழைத்தார். இன்னொரு தொல்லை, மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போனால் நீருக்குள் இருக்கும் தகட்டருகே அழுத்தம் குறைந்து, தண்ணீர் சூடாகாமலே கொதிக்கும். குமிழிகள் தகட்டின் பிடியைக் கெடுக்கும். குமிழியோடு சண்டை போடுவானேன் என்று, அதற்குள்ளேயே ஓடும்படி ஆப்பு வடிவத்தில் தகடு செய்தார்கள். 24.11.2012 அன்று அதே விரிகுடாவில், 500 மீட்டர் தூரத்தை மணிக்கு 121 கிலோமீட்டர் சராசரியில் கடந்தார் லார்சன். அன்றைய காற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது!

நண்பர் பேப்பரில் அம்புக்குறி போட்டுப் பார்த்தார். "சரி. ஆனா நேர் பின்காத்துல பாய் துவண்டுடும்னு நான் சொன்னது கரெக்ட்தானே?"

பில்லை ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.