லட்சத்தில் ஒரு காசு

எங்கள் தேவராஜ மொஹல்லாவில் என்னைக் 'காசுக்கார ஐயா' என்று அழைப்பவர்கள் உண்டு. இதைப் படித்துவிட்டு நம் சங்கத்து அன்பர்கள் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பிவிட வேண்டாம்! என்னிடம் இருப்பவை எல்லாம் பிழைக் காசுகள். நாணயச் சாலையில் அச்சு விலகியும், ஓரம் வெட்டுப்பட்டும், படம் திரும்பியும் பிறந்துவிட்ட நாணயங்களைச் சேர்ப்பது என் ஏறக்குறைய முப்பதாண்டுப் பழக்கம். பெருமைக்காக இதை எழுதவில்லை. சென்ற ஆண்டு ஒரு பூக்கார அம்மாவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். அதைச் சொல்லும் முன் பிழைக் காசு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வள்ளுவர். 1995 ஜனவரியில் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதன் நினைவாக இந்திய அரசு வள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்களை வெளியிட்டது. அவற்றில் ஓர் ஐந்து ரூபாய்க் காசு, தேவராஜ மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கியபோது மீதிச் சில்லறையாக என் கைக்கு வந்தது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழனுக்கு அதைச் செலவழிக்க மனம் வருமா? வீட்டுக்கு எடுத்துப் போய் மகளிடம் காட்டினேன். அவள் இரண்டு புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, வள்ளுவர் நேரா இருந்தா சிங்கம் படுத்துக்குது" என்றாள்.

நம் நாட்டுக் காசைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போலப் புரட்டினால் இரு புறமும் நேராக நிற்க வேண்டும். பதக்கங்களும் அப்படித்தான். என் காசில் ஓர் அச்சு இருப்பிடத்தில் சுழன்றிருந்ததால் தூண் சாய்ந்துவிட்டது. ஆனால் அமெரிக்கக் காசை அதேபோலப் புரட்டினால் பின்புறம் தலைகீழாகத்தான் தெரியும். அது அவர்கள் முறை, பிழையாகாது. முறை தெரிந்தால்தான் பிழை தெரியும் என்பது நான் கற்ற முதல் பாடம்.

நம் மைசூரில் 1996 முதல் ரூபாய் நோட்டு அச்சாகிறது. காசு அச்சாவது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில். ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. எங்கும் வேலை ஒன்றுதான். உலோகப் பட்டையிலிருந்து வட்டத் தகடுகளை வெட்டி, மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே ஒரு வளையத்துக்குள் வைத்து அழுத்துகிறார்கள். தகடு சரியாக உட்காராவிட்டால் படம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் பிறை போல வெறுமையாக நிற்கும். பட்டையில் ஏற்கெனவே வெட்டிய துளையின் மேல் மறுபடி வெட்டு விழுந்தால், எலி கடித்த தோசை போல ஓரம் போய்விடும். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தகட்டில் அந்தக் காசின் முகமே கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறிக் குழிந்து பதியும். இதற்கு நாணய வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'லக்கி'. அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். லட்சத்தில் ஒன்று என்று பொருள் சொல்வார்கள்.

நமக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் காலத்தில் யானை பொறித்த செப்புக் காசுகள் அடித்தார்கள். எல்லாம் கையால், சுத்தியலால். பாதிக் காசுகளில் யானைக்குத் தும்பிக்கை இருந்தால் வால் இருக்காது. அதைப் பிழை என்று யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத இடத்தில் பிழை ஏது? இயந்திரம் வந்து ஒழுங்கைக் கொண்டுவந்த பிறகுதான் பிழைக்கும் மதிப்பு வந்தது. 1787இல் திப்பு புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்து, எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1218 என்பது 8121 போலத் தெரியும். நானும் ஒருமுறை அதைப் பிழை என்று எண்ணி ஏமாந்தவன்தான்.

எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு கதை 1911ஆம் ஆண்டு ஒரு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த சிறு யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, அடித்த காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். இயந்திரம் சரியாகத்தான் அடித்தது. தவறு செதுக்கியவர் கையில்.

இனி அந்தப் பூக்கார அம்மாவுக்கு வருகிறேன். சேலம் பக்கத்திலிருந்து வந்து, மார்க்கெட்டில் மல்லிகை கட்டி விற்பவர். ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் நின்று, மஞ்சள் துணியில் முடிந்திருந்த இரண்டு காசுகளை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இந்த அம்மன் காசுக்குப் பத்து லட்சம் தர்றேன்னு போன்ல ஒருத்தரு சொன்னாரு. ரிசர்வ் பேங்க்காம். பதிவுக் கட்டணம் மூவாயிரத்து ஐநூறு கட்டிட்டேன். இப்ப வரி பன்னிரண்டாயிரம் கட்டணும்ங்கறாரு. கட்டலாமுங்களா?"

அது 2012 என்று ஆண்டு பொறித்த வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய். புழக்கத்துக்கென்றே ஏராளமாக அடித்த காசு. ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "கட்டாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேத்தியின் காலேஜ் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணமாம். 1930 என்ற எண்ணுக்கு அன்றே புகார் சொல்லச் செய்தேன். போன பணம் இதுவரை திரும்பவில்லை.

துணியில் இருந்த இன்னொரு காசைப் பார்த்தேன். பழைய எவர்சில்வர் ஒரு ரூபாய். படம் ஒதுங்கி, ஓரத்தில் பிறை போல வெறுமை. என் சிறு தராசில் வைத்தேன். 4.85 கிராம், சரியான எடை. தகடு முழுசு, அச்சு மட்டுமே விலகியது. உண்மையான பிழைக் காசு! "செல்லாதுன்னு எல்லாரும் திருப்பிக் கொடுத்தாங்க, அப்படியே கிடக்குது" என்றார். நாணயக் கண்காட்சியில் சில நூறு ரூபாய் கிடைக்கும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "தப்பாப் பொறந்த காசுக்கு விலை இருக்குது, நல்ல காசைக் காட்டி என்னை ஏமாத்திட்டான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்பர்களே, 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை. காசு வாங்குகிறவன் பணம் தர வேண்டும். பணம் கேட்டால் அவன் திருடன். இந்த ஒரு வரியை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

பிழைக் காசு என்று யாராவது விற்க வந்தால், 'இயந்திரம் இதை எப்படிச் செய்திருக்க முடியும்?' என்று கேட்டுப் பாருங்கள். அரத்தால் ராவிய காசு எடை குறையும், ராவிய கோடும் தெரியும். இரண்டு காசுகளைச் சேர்த்து இடுக்கியில் நெரித்தால் குழிந்த முகம் வரும். ஆனால் மறுபுறம் நசுங்கிவிடும். உண்மையான ஓர வெட்டுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பு பெரும்பாலும் மங்கியிருக்கும். ஓட்டைக் காசைக் கொண்டு வந்து பிழை என்பவர்களும் உண்டு. 1943 முதல் சில ஆண்டுகள் ஓட்டையோடுதான் அடித்தார்கள்!

அந்த ஒரு ரூபாயை அம்மா விற்கவில்லை. கடையில் பணம் வாங்கப் பேத்தி ஒட்டிக் கொடுத்த கியூஆர் அட்டைக்குப் பக்கத்தில், சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போனபோது கேட்டேன்.

"இருக்கட்டுங்க ஐயா. போன்ல எவனாச்சும் கூப்பிட்டா, இதை ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார். ஒரு முழம் பூவைக் கூடவே அளந்து கொடுத்தார்.