பெயர் ஒன்று, மருந்து இரண்டு

“சென்ற ஆண்டு ஏற்றிய அதே சிவப்பு மருந்துதானே இது? இப்போது மட்டும் ஏன் இவ்வளவு விலை?” கீமோதெரபி பிரிவில் நோயாளியுடன் இருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

டாக்சோரூபிசின் என்னும் அம்மருந்து புற்றுநோய்ச் செல்களை அழிப்பதில் வல்லது. ஆனால், நேரடியாக இரத்தத்தில் கலக்கும்போது நோயுள்ள இடம், இல்லாத இடம் என்று பாராமல் உடலெங்கும் பரவுகிறது. முடி உதிர்கிறது, ஏற்றிய மொத்த அளவு கூடக் கூட இதயத் தசை நலிவடையும் அபாயமும் கூடுகிறது.

இதைக் குறைக்க, அதே மருந்தை லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தனர். குமிழியின் விட்டம் ஏறத்தாழ 100 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய 10,000 குமிழிகளை வரிசையாக வைக்கலாம். புற்றுநோய்க் கட்டியில் ஒழுங்கின்றி வளரும் இரத்த நாளங்களின் சுவரில் இடைவெளிகள் பெரியவை. குமிழிகள் அவ்வழியே கசிந்து கட்டியில் தங்குகின்றன. இதயத்தின் நாளச்சுவர் நெருக்கமானது. ஆதலால் அங்கே மருந்து குறைவாகவே சேர்கிறது. இவ்வகை மருந்து 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சூலகப் புற்றுநோய் போன்ற சிலவற்றிற்கு இது பயன்படுகிறது. எல்லாப் புற்றுநோய்களுக்கும் பொருந்தாது.

பக்கவிளைவு குறைகிறது என்பதைவிட, மாறுகிறது என்பதே சரி. குமிழிகள் பல நாள் இரத்தத்தில் உலவுவதால் உள்ளங்கை, உள்ளங்கால் தோலிலும் மருந்து கசியலாம். இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பின் அங்கே சிவப்பு, எரிச்சல், கொப்புளம் தோன்றக்கூடும். வெந்நீரில் கைகால்களை ஊறவைத்தல், இறுக்கமான காலணி, துணியை அடித்துத் துவைத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சிச் சிலர் இதை மறைத்துவிடுகின்றனர். மறைக்க வேண்டா. தொடக்கத்திலேயே சொன்னால், அடுத்த சுற்றைச் சற்றுத் தள்ளிவைத்தோ அளவைக் குறைத்தோ சிகிச்சையைத் தொடர இயலும். முதன்முறை ஏற்றும்போது முகம் சிவந்தாலோ, மூச்சு முட்டினாலோ, முதுகு வலித்தாலோ அக்கணமே செவிலியரை அழையுங்கள்.

இவ்விரு வடிவங்களின் அளவும் ஏற்றும் முறையும் வேறு. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஏற்றலாகாது. வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் மருந்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ‘லிப்போசோமல்’ என்ற சொல் உள்ளதா எனப் பார்த்து, சிகிச்சைக் குறிப்பையே எடுத்துச் செல்லுங்கள்.