உஷார்! ஆடியோ கேட்டே எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணிவிடலாம் என்று இருக்கிறீர்களா?

மெஸ் வரிசையிலும் பஸ்ஸிலும் படுக்கையிலும் காதில் இயர்போன். உள்ளே ஃபார்மகாலஜி லெக்சர். மூன்றாம் முறை ஓடும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கிறது. 'இந்தப் பாடம் முடிந்தது' என்று அடுத்த ஆடியோவுக்குத் தாவுகிறீர்கள். அங்கேதான் ஆபத்து!

பழகியது வேறு, பதிந்தது வேறு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஜெயித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கும் இது பெரிய எச்சரிக்கை. வைவாவில் எக்ஸாமினர் 'டிஜாக்சின் டாக்ஸிசிட்டி சொல்லுங்க' என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

'எனக்குக் காதால் கேட்டால்தான் ஏறும்' என்று முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். அவரவர் பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகப் பதியும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஓர் ஆய்வுக்குழு அலசிச் சொல்லிவிட்டது. ஹிஸ்டாலஜி ஸ்லைடையும் எக்ஸ்ரேயையும் கண்ணால்தான் படிக்க முடியும்.

காது ஏமாற்றும் இடங்களும் உண்டு. இலியம் என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதியா, இடுப்பெலும்பா? ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம், உச்சரிப்பு ஒன்றே. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஹைட்ராக்சிசின் அரிப்புக்குத் தருவது. இன்று பெயரைக் காதோடு விட்டால், நாளை வார்டில் விலை கொடுப்பவர் நோயாளி. பெயர்களை ஒருமுறையாவது கையால் எழுதுங்கள்.

காதையும் காப்பாற்றுங்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரமே. மைட்ரல் ஸ்டெனோசிஸின் மெல்லிய மர்மரை நாளை கேட்க வேண்டிய காது அது! சாலையையும் தண்டவாளத்தையும் கடக்கும்போது இயர்போனைக் கழற்றியே ஆக வேண்டும்.

அப்படியானால் கேட்கவே கூடாதா? தாராளமாகக் கேளுங்கள், இப்படி:

• பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆடியோவை நிறுத்தி, கேட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறிய இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள்.

• லெக்சருக்குப் பதில் கேள்விகளை உங்கள் குரலில் பதிவு செய்யுங்கள். விடைக்கு முன் சில நொடி இடைவெளி விடுங்கள்.

• இதய ஒலிப் பதிவுகளை நூறு முறைகூடக் கேளுங்கள்; பெயரைப் பார்க்குமுன் எந்த மர்மர் என்று நீங்களே சொல்லுங்கள்.

• அறை நண்பரை எக்ஸாமினராக உட்காரவைத்து கேஸ் சொல்லுங்கள்.

• நாளை, மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று அதே கேள்விகளுக்குத் திரும்புங்கள்.

இன்றிரவே ஆடியோவை அணைத்துவிட்டு, கடைசியாகக் கேட்ட பாடத்தை மூன்று நிமிடம் சொல்லிப் பாருங்கள். வராவிட்டால் அந்தப் பாடம் இன்னும் முடியவில்லை. அதைத் தேர்வு அறையில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.