ஊர் மரங்களும் ஊரார் காவலும்

மரம் நடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது பல ஆண்டுகளின் வேலை. நடவு நாளன்று கூடுவோர் அநேகர். அடுத்த கோடையில் நீர்க்குடத்துடன் வருவோர் சிலரே. ஊர்ப் பொதுமரங்கள் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே பட்டுப்போகின்றன. இக்குறையை நீக்கும் வழியைக் காண ஓசூர் வட்டத்துக் குடியானவர்கள் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. இராஜாஜி 1878-ஆம் ஆண்டில் பிறந்த தொரப்பள்ளியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்திலேயே பெங்களூர் லால்பாக் தோட்டம் இருக்கின்றது. இரு இடங்களும் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளவை. ஆகையால் அங்குச் செழிக்கும் மரங்களுள் பல இங்கும் செழிக்கக் கூடியவை.

லால்பாக்கும் அதன் அன்பர்களும்

1760-ஆம் ஆண்டில் ஹைதர் அலியால் தொடங்கப்பெற்று, திப்பு சுல்தானால் விருத்தி செய்யப்பட்ட இத்தோட்டம், இன்று 240 ஏக்கர் பரப்புடன் கர்நாடகத் தோட்டக்கலை இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கின்றது. 1874-இல் பொறுப்பேற்ற ஜான் கேமரன் காலத்தில் சீமைக் காய்கறிகள் பலவும் இத்தோட்டத்தின் வாயிலாகச் சுற்றுப்புறங்களில் பரவின. அவருக்குப்பின் 1908-இல் வந்த கிரும்பிகல், இலாகாவின் முயற்சி மட்டும் போதாது, பொதுஜனங்களின் சிரத்தையும் வேண்டும் என்பதை உணர்ந்தவர். 1912-இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடைபெறும் மலர்க்கண்காட்சிகளில் இச்சங்கம் இலாகாவுடன் சேர்ந்து உழைத்து வந்திருக்கின்றது.

சங்கத்தில் சேராத நகரவாசிகளும் வாளாவிருக்கவில்லை. விடுமுறை நாட்களில் மற்றவர்களை அழைத்துச் சென்று, ஒவ்வொரு மரத்தின் பெயரையும் பிறப்பிடத்தையும் எடுத்துரைப்போர் உளர். 2014 முதல் பெங்களூரில் ‘நெரளு’ என்னும் மர விழாவும் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டது; நெரளு என்றால் கன்னடத்தில் நிழல். 2009-ஆம் ஆண்டில் மெட்ரோ ரயில் பாதைக்காக லால்பாக்கின் ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டபோது, நகரத்தார் பலர் திரண்டு ஆட்சேபித்தனர். பெயர் தெரிந்த மரம் வெட்டப்படும்போதே மக்கள் கேள்வி கேட்கின்றனர். பெயர் தெரியாத மரம் சத்தமின்றி மறைகின்றது.

குடியானவருக்கு இதனால் என்ன லாபம்?

பொதுமரத்தைக் கவனிப்பது வெறும் தருமம் மாத்திரம் அன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் மாவுக்குப் பெயர்பெற்றது. மாமரத்தின் பெரும்பகைகளுள் ஒன்று புல்லுருவி. அதன் பழத்தைத் தின்னும் பூக்கொத்தி முதலிய சிறு பறவைகள், பசைபோல் ஒட்டும் விதையை வேறு மரக்கிளைகளில் இட்டுவிடுகின்றன. அவ்விதை முளைத்துக் கிளைக்குள் உறிஞ்சுவேரைச் செலுத்தி, மரத்தின் நீரையும் உப்புச் சத்துக்களையும் கவர்கின்றது. சாலையோரத்து மரத்தில் கவனிப்பாரற்றுப் பழுக்கும் புல்லுருவி, அடுத்த தோட்டத்து மாமரங்களுக்கு விதைக் களஞ்சியமாகிவிடும். தன் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்பவர் ஆண்டுதோறும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க நேரிடும்.

ஊரார் செய்யத்தக்கவை

1. இளங்கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகளில் தவறாமல் நீர் வார்த்தல் வேண்டும். அடியில் சருகு மூடாக்கு இட்டால் ஈரம் நிற்கும். ஆடு மாடு கடியாதபடி முள்வேலி அவசியம்.

2. மரத்தடியைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடலாகாது. நீரையும் உணவையும் ஈர்க்கும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருக்கின்றன. அவற்றிற்குக் காற்றும் வேண்டும்; தளம் இரண்டையும் தடுக்கின்றது.

3. மரத்தில் ஆணி அறைதலும், கம்பி சுற்றுதலும், பட்டையை உரித்தலும் தீமை பயப்பவை. இலைகள் ஆக்கும் உணவு உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகின்றது. சுற்றிலும் பட்டை அறுபட்டால் வேர் பட்டினியால் மடியும்.

4. புல்லுருவியைப் பூத்துக் காய்க்குமுன் நீக்க வேண்டும். மேலே தெரியும் தழையை மட்டும் ஒடித்தால் மறுபடியும் துளிர்க்கும். ஒட்டிய இடத்திற்குச் சுமார் ஓரடி கீழே கிளையை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுதல் நலம்.

கிராம அதிகாரிகளின் கடமை

புறம்போக்கு நிலத்து மரங்கள் அரசாங்கத்தைச் சார்ந்தவை. நல்லெண்ணத்துடன் கிளை கழிப்பதாயினும், கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து உரிய உத்தரவு பெற்ற பின்னரே செய்தல் வேண்டும். 2-சி பட்டா பெற்றவருக்கு மரத்தின் பலனை அனுபவிக்கும் பாத்தியதை உண்டேயன்றி, நிலத்தின்மேல் உரிமை இல்லை. இதை முன்கூட்டியே விளக்கிவிட்டால் பிற்பாடு வழக்கு எழ இடமிராது. ஏரிக்கரை, கோயில், பள்ளிக்கூடம், சாலையோரம் ஆகிய இடங்களிலுள்ள மரங்களை எண்ணி, இனம், இடம், சுற்றளவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து, ஆண்டிற்கொருமுறை சரிபார்த்தல் நன்று. சாலையை அகலப்படுத்தவோ புதுக்கட்டடம் எழுப்பவோ அளவை நடக்கும் காலத்தில் இப்பதிவேடு பெரிதும் உதவும்.

1970-களிலிருந்து ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகி, விளைநிலங்கள் மனைகளாக மாறி வருகின்றன. அவ்விடங்களில் நிழல் குறைவது கண்கூடு. லால்பாக்கைப் போன்ற தோட்டம் ஒவ்வோர் ஊருக்கும் வாய்ப்பது அரிது. ஆயினும், பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஐந்து மரங்களை ஏற்றுக்கொண்டால் ஐம்பது மரங்களுக்குக் காவல் ஏற்படும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மூன்று கோடைகள் விடாமல் காக்கும் உறுதி இருந்தாற் போதும்.