கைக் கருவி பொருத்தினால் மட்டும் போதுமா?

கால்கள் இயங்காதவரும் கார் ஓட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. தமக்கேற்ப மாற்றியமைத்த வாகனத்தை ஒருவரால் ஓட்ட முடியும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நிறைவு ஏற்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 8-வது பிரிவின்கீழ் அவருக்குப் பழகுநர் உரிமம் வழங்கலாம். பலர் சிக்கலில் மாட்டுவது மெக்கானிக் வேலை முடிந்த பிறகுதான்.

வண்டியில் கவனம்

ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் கருவி பொருத்துவார்கள். பட்டறையில் வெல்டிங் வைத்த கம்பியை நம்பாதீர்கள். சோதனைச் சான்று பெற்ற கருவியையே கேளுங்கள். இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைச் சாய்த்துத் திருப்ப முடியாது. வளைவில் வேகம் குறைக்காவிட்டால் கவிழும். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேனில் போகிறவர் முன்நோக்கி அமர வேண்டும். நாற்காலியை நான்கு இடங்களில் தரையோடு கட்டி, பயணிக்குத் தனியாக சீட் பெல்ட் போட வேண்டும்.

காகிதத்தில் கவனம்

மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்தால் விபத்துக்குப் பின் இழப்பீடு சிக்கலாகும்.

2020 முதல் பதிவு விண்ணப்பத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட இடமுண்டு. சாலை வரி விலக்கு, சுங்கச்சாவடிக் கட்டண விலக்கு ஆகியவற்றைக் கேட்க இந்தப் பதிவு கைகொடுக்கும். முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கான ஜி.எஸ்.டி. சலுகைக்குள் வந்த சிறிய கார்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் எல்லோருக்குமே 18 சதவீதம்தான். எனவே அந்தச் சலுகைச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டியதில்லை.

மறுத்தால்?

வாய்மொழி மறுப்போடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உரிமம் மறுக்கப்பட்டாலும், ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய மறுத்தாலும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாகனங்களை மாற்றியமைக்க உதவும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். உரிமை பறிபோனதாகக் கருதினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் அளிக்கலாம்.

காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் கருவியின் சான்றையும் எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். வாங்கிய பிறகு அலைவதைவிட அது மலிவு.