அறிவியல் நகைச்சுவைத் திரைக்கதைகளில் கதைப்பின்னல் இடைவெளியும் பாத்திர முரணும்: ‘காடு’ முதல் ‘இன்று நேற்று நாளை’ வரை

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய இந்நிறுவனம், 1952இல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்துடன் இணைந்து ‘காடு’ என்னும் படத்தைத் தயாரித்தது. அழிந்துபோன மாமூத் விலங்குகள் இந்தியக் காட்டில் உயிருடன் உலவுவதாகக் கற்பனை செய்த இப்படம், தமிழகத்தில் உருவான தொடக்ககால அறிவியல் புனைவுகளுள் ஒன்றாகும்.

அறிவியல் புனைவு குறித்த தமிழ்த் திறனாய்வில் ‘லாஜிக் இல்லை’ என்னும் தீர்ப்பு பெருவழக்காக உள்ளது. அறிவியல் பிழை, கதைவிதி மீறல், பாத்திரத்தின் இயல்புக்குப் பொருந்தாத செயல் ஆகிய மூன்றையும் அத்தீர்ப்பு ஒன்றாகவே கருதிவிடுகிறது. அதனால் எக்குறை கதையைச் சிதைக்கிறது, எக்குறை கதைக்குத் தீங்கு செய்வதில்லை என்பது தெளிவாவதில்லை. இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறைகளின் வகைப்பாடு

கவிதையியலில் அரிஸ்டாட்டில், நிகழக்கூடியதாயினும் நம்ப இயலாததைவிட, நிகழ இயலாததாயினும் நம்பத்தக்கதையே புலவன் தேர்தல் வேண்டும் என்கிறார். பாத்திரம் முரண்பட்ட இயல்புடையதாயின் அம்முரணும் ஒருசீராக அமைதல் வேண்டும் என்பதும் அவர் கருத்தாகும். இவ்விரு கருத்துகளையும் அடியொற்றிக் குறைகளை மூவகையாகப் பகுக்கலாம். கதையின் அடிப்படைக் கற்பனை அறிவியலுக்கு ஒவ்வாதிருத்தல் முற்கோள் குறை. கதை தானே வகுத்த விதியைத் தானே மீறுதல் விதிக் குறை. பாத்திரம் தன் நோக்கத்துக்கும் அறிவுக்கும் ஒவ்வாமல் நடத்தல் பாத்திர முரண்.

‘காடு’: நோக்காத நகை

வில்லியம் பெர்க் இயக்கிய ‘காடு’ படத்தில் ராட் காமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் ஆகியோருடன் எம்.என். நம்பியாரும் நடித்தார். யானைகள் ஊர்களைத் தாக்குவதற்கான காரணத்தைத் தேடி ஒரு குழு காட்டுக்குள் செல்கிறது. முந்தைய பயணம் ஒன்றில் தனியே உயிர்தப்பிய வேட்டைக்காரர், மாமூத்துகளே காரணம் என்கிறார். அவர் கூற்று மெய்யா பொய்யா என்னும் ஐயமே பாத்திரங்களுக்கிடையிலான மோதலின் அச்சாணி ஆகும்.

இங்கு முற்கோள் குறை வெளிப்படையானது. உரோமம் அடர்ந்த மாமூத் குளிர்நிலத்து விலங்கு. அதன் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் கடலின் ராங்கல் தீவில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடுகூட அவ்விலங்குக்கு ஏற்ற குளிர்நிலம் அன்று. எனினும் படத்துக்கு ஊறு விளைத்தது இக்குறை அன்று. அழிந்த விலங்கு மீண்டும் வருவதைப் பார்வையாளர் கதையின் வேண்டுகோளாக ஏற்பர்.

சிக்கல் காட்சியில் எழுகிறது. யானைகளுக்கு உரோமப் போர்வை அணிவித்தே மாமூத்துகள் உருவாக்கப்பட்டன. வேட்டைக்காரரின் வாய்மை அவ்விலங்கின் தோற்றத்தால் மெய்ப்பிக்கப்பட வேண்டிய இடத்தில், போர்வை கண்டு பார்வையாளர் நகைப்பாராயின், அவரை ஐயுற்றவர்களே சரியென ஆகிவிடுகிறது. புறத்தோற்றக் குறை இவ்வாறு பாத்திரத்தின் நம்பகத்தன்மையைத் தாக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. இங்கு எழும் நகை படைப்பாளர் நோக்காத எள்ளல் நகையாகும்.

‘கலைஅரசி’: மாறுவேடமும் முரணும்

ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து 1963இல் வெளிவந்த ‘கலைஅரசி’, அறிவியலில் முன்னேறிக் கலையில் பின்தங்கிய வேற்றுலகத்தார் மண்ணுலகக் கலைஞரான ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்வதைக் கூறுகிறது. அவளைத் தேடிச் செல்லும் நாயகன், அங்குத் தன்னை ஒத்த உருவமுடைய கோமாளி ஒருவன் இறந்துபோக, அவன் இடத்தைத் தான் ஏற்கிறான்.

வேற்றுலகத்தார் தமிழ் பேசுவதும் மனிதரைப் போன்றே இருப்பதும் முற்கோளைச் சார்ந்தவை. அவை மேடை நாடக மரபின் நீட்சியாக ஏற்கப்படுகின்றன. கலை வறண்ட உலகில் கோமாளி ஒருவன் எவ்வாறு தோன்றினான் என்னும் வினாவோ விதிக் குறையைச் சுட்டுவது. நகைவிளைத்தலும் கலையே எனின், அவ்வுலகம் கலையற்றது என்னும் கதையின் அடிப்படை ஆட்டம் காண்கிறது.

வீரனாகிய நாயகன் கோமாளியாக நடந்துகொள்வதைப் பாத்திர முரண் எனக் கூற இயலாது. காதலியை மீட்கும் நோக்கம் மாறாதிருக்க, அதற்குரிய வழி மட்டுமே மாறுகிறது. நோக்கம் தொடரும்வரை மாறுவேடம் முரணாகாது.

‘இன்று நேற்று நாளை’: விதியைக் காத்த நகைச்சுவை

ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ 2015இல் வெளிவந்தது. எதிர்காலத்திலிருந்து அனுப்பப்பட்ட காலப்பயண இயந்திரம், தொழில் தொடங்கும் கனவுடைய இளங்கோவின் கையிலும் சோதிடரான ஆறுமுகத்தின் கையிலும் கிடைக்கிறது. அவர்கள் கடந்த காலம் சென்று, பிறர் தொலைத்த பொருள்களின் இருப்பிடம் அறிந்து, அதனைச் சோதிட வாக்காகக் கூறிப் பொருளீட்டுகின்றனர்.

இத்துணைப் பேராற்றலுடைய கருவி இத்துணைச் சிறு பயனுக்கா என்னும் வினாவுக்குப் பாத்திர இயல்பே விடை தருகிறது. உடனடி வருவாயைத் தேடும் இருவருக்கு அதுவே இயல்பான பயன்பாடு. பெருங்கருவிக்கும் சிறுநோக்கத்துக்கும் இடையிலான பொருத்தமின்மையிலிருந்தே படத்தின் நகை பிறக்கிறது.

காவல்துறையினரால் கொல்லப்பட்டிருக்க வேண்டிய குழந்தைவேலு என்னும் குற்றவாளி, நண்பர்களின் கடந்தகாலத் தலையீட்டால் உயிர்தப்புகிறான். கடந்த காலத்தைத் தொட்டால் நிகழ்காலம் மாறும் என்னும் விதி இவ்விடத்தில் விளையாட்டிலிருந்து விளைவுக்கு நகர்கிறது. கடந்த காலம் மாறியபின் பயணம் சென்றவரின் பழைய நினைவு எவ்வாறு எஞ்சும் என்னும் தருக்கச் சிக்கல் காலப்பயணக் கதைகள் அனைத்துக்கும் பொதுவானது. அது முற்கோள் குறையாகவே அமைகிறது. தவறிழைத்தவர்களே அதனைச் சீர்செய்ய முனைவதால் செயலும் பொறுப்பும் ஒரே பாத்திரங்களிடம் தங்குகின்றன. ஆகவே பாத்திர முரண் எழுவதில்லை.

முடிவுரை

முற்கோள் குறை பார்வையாளருடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையாதலால் கதையைப் பெரிதும் பாதிப்பதில்லை. விதிக் குறை, ‘கலைஅரசி’யில் காண்பதுபோல், கதையின் கருத்தை வலுவிழக்கச் செய்கிறது. பாத்திரத்தின் நம்பகத்தன்மை குலையுமிடத்து, ‘காடு’ படத்தில் நேரக்கூடியதுபோல், கதை எள்ளலுக்கு இலக்காகிறது. நகைச்சுவை அறிவியல் பிழையைப் பொறுக்கும். பாத்திரத்தின் பிறழ்ச்சியைப் பொறுப்பதில்லை. பேதைமையால் தவறு செய்யும் பாத்திரம் இறுதிவரை தன் பேதைமைக்கு உண்மையாக இருக்கும்போதே நகை நிலைபெறுகிறது. எனவே அறிவியல் புனைவை மதிப்பிடும் திறனாய்வாளர், ‘இது நிகழுமா’ என்னும் வினாவுக்கு முன்னதாக, ‘இவர் இதனைச் செய்வாரா’ என்று வினவுதல் பொருத்தமுடையது என்பது இவ்வாய்வால் புலனாகிறது.