முதலிடம் பிடித்த காசுகளெல்லாம் முதல்தரமா?

1950 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க் ஒரு பத்து சென்ட் வெள்ளிக் காசை வாங்கினார். 1873-ல் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அடித்த காசு. அந்த ஆண்டின் நடுவில் வெள்ளியின் எடையைச் சற்றுக் கூட்டி, அதற்கு அடையாளமாக ஆண்டு எண்ணின் இருபுறமும் அம்புக்குறி சேர்த்தார்கள். அம்புக்குறி சேர்ப்பதற்கு முன் அந்த ஆண்டு கார்சன் சிட்டியில் அடித்த பத்து சென்ட் காசுகளில் இன்று உலகில் எஞ்சியிருப்பதாக அறியப்படுவது இந்த ஒன்றுதான். அது கிடைத்ததும், ஆண்டுவாரியாக, நாணயச்சாலைவாரியாக அமெரிக்கக் காசுகளின் தொகுப்பு எலியாஸ்பெர்க்கிடம் முழுமை பெற்றது. அவருக்கு முன் யாரும் அதைச் செய்து காட்டியதில்லை.

அன்று அந்தத் தொகுப்புக்கு யாரும் புள்ளி போடவில்லை. முதலிடம், இரண்டாமிடம் என்று சொல்ல ஒரு பட்டியலும் கிடையாது. இன்று எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் முதலிடம் பிடித்த தொகுப்பையே உலகின் சிறந்த தொகுப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புள்ளிகள் எப்படி விழுகின்றன?

அமெரிக்காவில் நாணயத் தரச்சான்றுத் துறையில் இரண்டு பெரிய நிறுவனங்கள் உண்டு. பி.சி.ஜி.எஸ். 1986-லும், என்.ஜி.சி. 1987-லும் வேலையைத் தொடங்கின. நாம் அனுப்பும் காசை அங்குள்ள நிபுணர்கள் பார்த்து, 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுப்பார்கள். பிறகு அதை, எண் எழுதிய சீட்டோடு, தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டி மூடிவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் அதை 'ஸ்லாப்' என்பார்கள்.

2001 முதல் இந்த நிறுவனங்கள் இணையத்தில் 'ரெஜிஸ்ட்ரி' என்ற போட்டிப் பட்டியலை நடத்துகின்றன. ஒரு வரிசையில் உள்ள ஒவ்வொரு காசின் தர எண்ணும், அந்தக் காசு எவ்வளவு அரிது என்பதற்கேற்ற எடையும் கணக்கில் சேரும். காசு இல்லாத இடம் புள்ளியைக் குறைக்கும். அதிகப் புள்ளி எடுத்தவர் முதலிடம். விதி எல்லோருக்கும் பொது. கணக்கிலும் குறை சொல்ல முடியாது. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்பதைத்தான்.

எழுபது என்ற உச்ச எண்ணின் வரலாறே பாதி விடை சொல்லிவிடும். வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளைப் பற்றி எழுதிய நூலில் இந்த அளவுகோலை முன்வைத்தார். அது விலைக்கான வாய்ப்பாடு. 1 எண் பெறும் காசு ஒரு டாலர் என்றால், அதே வகையில் 70 எண் பெறும் காசு எழுபது டாலர். செப்புக் காசுகளின் அன்றைய சந்தை விலையை வைத்துப் போட்ட கணக்கு, பின்னாளில் எல்லாக் காசுகளுக்கும் தர அளவுகோலாகிவிட்டது.

மார்கன் டாலரைக் கையில் எடுங்கள்

புழக்கத்துக்கே வராத காசுகளுக்குரியவை 60 முதல் 70 வரையான எண்கள். போட்டி சூடு பிடிப்பதும் இங்கேதான். ஒரே ஓர் எண் கூடினால் விலை பல மடங்கு ஏறும் காசுகள் உண்டு. ஆனால் ஒரே எண் வாங்கிய இரண்டு காசுகள் ஒன்றுபோல இருப்பதில்லை.

1878-ல் தொடங்கிய மார்கன் வெள்ளி டாலரையே எடுத்துக்கொள்வோம். அதில் சுதந்திர தேவியின் கன்னம் அகலமாக, வழவழப்பாக இருக்கும். இந்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாகச் சாக்குப் பைகளில் கொட்டி வைத்ததால், ஒன்றோடொன்று மோதி அந்தக் கன்னத்தில் கீறல் விழுந்தது. தரம் பார்ப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான். அடுத்து பளபளப்பு. விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கீற்று மையத்தைச் சுற்றி வட்டமாக ஓட வேண்டும். மூன்றாவது, அச்சு விழுந்த ஆழம். 1881 சான் பிரான்சிஸ்கோ டாலர்களில் காதின் மேலுள்ள முடி இழை இழையாகத் தெரியும். 1892 நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பலவற்றில் அதே இடம் தட்டையாகக் கிடக்கும். கீறல் குறைவாக இருந்தால், அச்சு மங்கிய காசும் நல்ல எண் வாங்கிவிடும். பட்டியலில் ஏறுவது அந்த எண் மட்டும்தான். முடியிழையின் அழகு ஏறாது.

எண்ணைத் துரத்தும்போது

எண்ணே இலக்காகிவிட்டால் காசுக்குத்தான் ஆபத்து. பெட்டியை உடைத்துக் காசை எடுத்து, இன்னும் ஓர் எண் கூடுதலாகக் கிடைக்குமா என்று திரும்பத் திரும்ப அனுப்புவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது. பழைய சீட்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் ஒரே காசு இரண்டாக, மூன்றாகப் பதிவாகும். அதைவிடக் கொடுமை, நூறாண்டுகளாக இயற்கையாகப் படிந்த நிறத்தை அமிலக் கரைசலில் முக்கி அகற்றுவது. அளவு மீறினால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். பிறகு எவராலும் அதை மீட்க முடியாது.

என்.ஜி.சி.யை நிறுவிய ஜான் அல்பனீஸே 2007-ல் சி.ஏ.சி. என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏற்கெனவே பெட்டிக்குள் இருக்கும் காசை மறுபடியும் பார்த்து, கொடுத்த எண்ணுக்கு உண்மையிலேயே தகுதியானது என்றால் பச்சை ஒட்டுவில்லை ஒட்டுவது அதன் வேலை. எண்ணே முடிந்த முடிவென்றால் அந்த ஒட்டுவில்லைக்கு என்ன தேவை?

பட்டியலுக்கு வெளியே

ஓட்டப்பந்தயத்தில் ஓட வந்தவர்களில் ஒருவர்தான் முதலிடம் பெற முடியும். பதிவு செய்யாதவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஜோசையா லில்லி என்ற சேகரிப்பாளர் சேர்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள் இருக்கின்றன. உலகிலேயே ஒன்றுதான் என்று அறியப்பட்ட 1849 இருபது டாலர் தங்கக் காசும் அங்கேதான் இருக்கிறது. அவற்றோடு யார் போட்டியிட முடியும்?

செயின்ட் லூயிஸ் நகரின் எரிக் நியூமன், 106 வயது வரை வாழ்ந்த ஆராய்ச்சியாளர். அவரது காசுகள் பல பத்தாண்டுகள் சிறு காகித உறைகளில் இருந்தன. 2013-ல் ஏலத்துக்கு வந்தபோதுதான் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போயின. உறையில் கிடந்தபோதும் அவை அதே காசுகள்தானே?

கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் ஜே பிட்மன் பெரும் பணக்காரர் அல்லர். 1954-ல் எகிப்து மன்னர் ஃபாரூக்கின் காசுகள் கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தபோது, வீட்டை அடமானம் வைத்துப் போய் வாங்கினார். அவர் சேர்த்தவை 1997 முதல் 1999 வரை நடந்த ஏலங்களில் மூன்று கோடி டாலருக்கு மேல் விலைபோயின. அவருடைய முதலீடு படிப்பும் கண்ணும்தான்.

நியாயமும் சொல்ல வேண்டும்

போட்டிப் பட்டியலால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். போலிகளிலிருந்து வாங்குபவருக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. தனியார் பெட்டகங்களில் கிடந்த காசுகளின் படங்களை யாரும் பார்க்க முடிகிறது. வரிசையை முழுமையாக்கும் ஆசையும் வளர்ந்திருக்கிறது. எண்ணும் சிறப்பும் ஒன்றுசேரும் இடங்களும் உண்டு. 2013-ல் ஒரு கோடி டாலரைத் தாண்டி விற்ற 1794 வெள்ளி டாலர் 66 எண் பெற்றது. ஆனால் அதன் பெருமை எண்ணில் இல்லை. அமெரிக்கா அடித்த முதல் வெள்ளி டாலர்களில் அது ஒன்று. எடை சரியாக வர, நடுவில் வெள்ளித் துண்டு பொதித்து அடித்த தடம் அதில் இன்றும் தெரிகிறது.

ஆக, முதலிடம் என்பது 'பதிவு செய்தவர்களில் அதிகப் புள்ளி எடுத்தவர்' என்பதற்கு மேல் ஒன்றையும் நிரூபிக்காது. சிறந்த தொகுப்பைத் தீர்மானிப்பவை முழுமை, அழகு, அரிய தன்மை, வரலாறு, அதைச் சேர்த்தவரின் அறிவு ஆகியவையே.

நம் ஊரிலும் விக்டோரியா ரூபாயை இப்போது ஸ்லாப்பில் தேடுபவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீட்டில் உள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், காசை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். காசுக்குப் பணம் கொடுங்கள், பெட்டிக்குக் கொடுக்காதீர்கள்.